ஸ்லீப் ஆப்னியா கிளைம்: எந்த நோயோடு முடிச்சுப் போடுவது?

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோயான ஸ்லீப் ஆப்னியாவுக்கு, மாஸ்க் வழியே காற்றைச் செலுத்தும் சிபாப் மெஷின் இல்லாமல் தூங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்ட அமெரிக்க முன்னாள் படைவீரருக்கு, அந்த நோய் ராணுவப் பணியால் வந்தது என்று வி.ஏ. (அமெரிக்கப் படைவீரர் நலத் துறை) ஒப்புக்கொண்டால் 50 சதவீத ரேட்டிங் கிடைக்கும்; மாத உதவித்தொகையை முடிவு செய்யும் பாதிப்பு அளவுதான் ரேட்டிங். குடும்பத்தில் சார்ந்திருப்போர் யாரும் இல்லாதவருக்கு, 2025-ஆம் ஆண்டுக் கணக்கில் இது மாதம் சுமார் 1,100 டாலர். வரி கிடையாது. மெஷின் தேவைப்படாமல் பகலில் விடாத தூக்கக் கலக்கம் மட்டும் இருந்தால் 30. பரிசோதனையில் நோய் தெரிந்தும் தொந்தரவு இல்லையென்றால் 0. தொண்டையில் துளையிட்டு மூச்சு விடவேண்டிய நிலை, ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும் நாள்பட்ட மூச்சுச் செயலிழப்பு, அதனால் இதயத்தின் வலப்பக்கம் பழுதாவது ஆகியவற்றுக்கு 100. இவை அமெரிக்கக் கூட்டாட்சி விதித் தொகுப்பில், 38 சி.எஃப்.ஆர். 4.97-இல், 6847 என்ற நோய் எண்ணின்கீழ் இருக்கின்றன. இந்த அளவுகோலைப் பற்றிப் பெரிய தகராறு வருவதில்லை. தகராறு முழுக்க 'பணியால் வந்தது' என்பதில்தான்.

சில நோய்களைத் தனிச் சான்று கேட்காமலே பணியால் வந்தவை என்று வி.ஏ. ஏற்கும்; அவற்றின் பட்டியல்தான் அனுமானப் பட்டியல். ஸ்லீப் ஆப்னியா அப்படி எந்தப் பட்டியலிலும் இல்லை. நச்சுப் புகை போன்றவற்றுக்கு ஆளான வீரர்களுக்காக 2022 ஆகஸ்ட் 10 அன்று சட்டமான பாக்ட் சட்டம் நாள்பட்ட மூக்கழற்சி, சைனஸ், ஆஸ்துமா போன்றவற்றைச் சேர்த்தது, ஆப்னியாவைச் சேர்க்கவில்லை. வளைகுடாப் போர் வீரர்களுக்கான விதியில் 'தூக்கக் கோளாறு' என்ற சொல் இருப்பதைப் பார்த்து நம்பிக்கை வைப்பவர்கள் உண்டு. அந்த விதி பெயர் சொல்ல முடியாத நோய்களுக்கானது. ஆப்னியாவுக்குப் பெயரும் இருக்கிறது, காரணமும் தெரியும். ஆகவே பெரும்பாலும் அந்தக் கதவு திறக்காது. மிஞ்சுவது இரண்டு வழி: பணியில் இருக்கும்போதே தொடங்கியது என்று நேரடியாகக் காட்டுவது, அல்லது வி.ஏ. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேறொரு நோயிலிருந்து இது வந்தது என்று 3.310-ஆம் விதியின்கீழ் காட்டுவது.

எந்த வழியானாலும் முதல் தேவை தூக்கப் பரிசோதனை. 'ஆப்னியா இருக்கலாம்' என்ற டாக்டர் குறிப்பு நோய்க் கண்டறிதல் ஆகாது. மருத்துவமனையில் ஒரு இரவு படுத்து எடுப்பதும் செல்லும், வீட்டில் கருவி மாட்டி எடுப்பதும் செல்லும். அறிக்கையில் ஏ.எச்.ஐ. என்ற எண்ணைப் பாருங்கள்: மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்கு. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. 50 சதவீதத்துக்கு இந்த எண் நேரடியாகக் கணக்கில் வராது. ஆனால் மெஷின் மருத்துவ ரீதியாகத் தேவை என்று டாக்டர் எழுதியிருக்க வேண்டும். மெஷின் வீட்டில் இருக்கிறது என்பது மட்டும் போதாது.

நேரடி வழி

பணியை விட்டு ஒரு வருடத்துக்குள் இருப்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். அந்த ஒரு வருடத்துக்குள் கிளைம் போட்டால், பணி முடிந்த மறுநாளிலிருந்தே தொகை கணக்காகும். பணியிலேயே தூக்கப் பரிசோதனை நடந்து நோய் பதிவாகியிருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

பணியில் பரிசோதனை நடக்காமல், பத்து வருடம் கழித்து நோய் தெரிந்தவர்களுக்கு இது கடினமான பாதை. பக்கத்துக் கட்டிலில் படுத்தவர் "இவர் குறட்டை விடுவார், திடீரென்று மூச்சு நின்று, திணறி எழுந்து உட்காருவார்" என்று 21-10210 படிவத்தில் எழுதித் தரலாம். கண்ணால் கண்டதைச் சொல்ல அவருக்குத் தகுதி உண்டு. அதற்கு மதிப்பும் உண்டு. ஆனால் 'அன்றிலிருந்து இன்றுவரை தொடர்ந்து அறிகுறி இருக்கிறது' என்பதை மட்டும் வைத்து வெல்லும் சலுகை, 3.309 (ஏ) பட்டியலில் உள்ள நாள்பட்ட நோய்களுக்கே உரியது என்று 2013-இல் வாக்கர் எதிர் ஷின்செகி வழக்கில் தீர்ப்பாயிற்று. உயர் ரத்த அழுத்தம் அந்தப் பட்டியலில் இருக்கிறது, ஆப்னியா இல்லை. அதனால் நண்பர்கள் பத்துப் பேர் எழுதிக் கொடுத்தாலும், அன்றைய குறட்டைதான் இன்றைய ஆப்னியாவின் தொடக்கம் என்று ஒரு டாக்டர் காரணத்தோடு எழுதியே ஆக வேண்டும். மனைவியின் வாக்குமூலமும் அப்படித்தான்: 'ரொம்ப நாளாக' என்று எழுதினால் எடுபடாது. எந்த வருடம், எந்த முகாமில் குடியிருந்தபோது, இரவில் எத்தனை தடவை என்று எழுத வேண்டும்.

பி.டி.எஸ்.டி. வழி

அதிகம் பேர் தேர்ந்தெடுப்பது, போர் போன்ற அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயான பி.டி.எஸ்.டி. வழியை. அதிகம் பேர் தோற்பதும் இதில்தான் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. பி.டி.எஸ்.டி.யும் ஆப்னியாவும் சேர்ந்து காணப்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் சேர்ந்திருப்பது வேறு, ஒன்று மற்றதை உண்டாக்குவது வேறு. சி அண்ட் பி தேர்வு (கிளைமுக்காக வி.ஏ. ஏற்பாடு செய்யும் மருத்துவப் பரிசோதனை) செய்யும் டாக்டர், அதாவது தேர்வாளர், எழுதும் மறுப்பு ஏறத்தாழ ஒரே அச்சில் இருக்கும்: ஆப்னியா என்பது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுக் குழாயை அடைப்பது, அது உடலமைப்புக் கோளாறு, மனநோய் அதை உண்டாக்காது, இவருக்கு வயது, எடை, கழுத்துச் சுற்றளவு ஆகியவையே காரணம்.

இதற்கு எதிராக மூன்று வாதங்கள் எழுதப்படுகின்றன. பி.டி.எஸ்.டி. உள்ளவர் லேசான தடங்கலுக்கே விழித்துக்கொள்வார், அதனால் தூக்கம் துண்டாகி மூச்சின் கட்டுப்பாடு நிலைகுலைகிறது என்பது முதல் வாதம். மருத்துவத்தில் இதற்கு இடம் இருக்கிறது, ஆனால் தனியாக நின்று கிளைமை வெல்லும் வலு குறைவு. கெட்ட கனவில் எழுந்து மாஸ்க்கைப் பிடுங்கி எறிகிறார், முகத்தை மூடினால் மூச்சு முட்டுவதுபோல் பதறுகிறார், அதனால் நோய் மோசமாகிறது என்பது இரண்டாவது. இது 'உண்டாக்கியது' என்ற வாதம் இல்லை, 'மோசமாக்கியது' என்ற வாதம். சட்டம் இதையும் ஏற்கிறது. 1995-இல் ஆலன் எதிர் பிரவுன் வழக்கிலிருந்தே ஏற்கிறது.

ஆனால் இங்கே பலர் கவனிக்காத ஒரு பள்ளம் இருக்கிறது. மோசமாக்கல் வழியில், மோசமாவதற்கு முன்பிருந்த அளவை இன்றைய அளவிலிருந்து கழிப்பார்கள் என்று 3.310 (பி) சொல்கிறது. முன்பே சிபாப் தேவைப்பட்டவருக்கு முந்தைய அளவு 50, இன்றும் 50, கழித்தால் 0. தொடர்பை வென்றும் கையில் ஒரு டாலர் வராது. மெஷின் தேவைப்படாத காலத்தில் எடுத்த பழைய பரிசோதனை ஒன்று கோப்பில் இருந்தால்தான் மோசமாக்கல் வழி பலன் தரும். அப்படிப்பட்ட அறிக்கை இல்லாதவர்கள் 'உண்டாக்கியது' என்ற வாதத்தையே முதன்மையாக வைக்க வேண்டும்.

அதற்குத்தான் மூன்றாவது வாதம்: மருந்து. பி.டி.எஸ்.டி.க்குத் தரப்படும் மிர்டாசபின், பராக்ஸிடின், க்யூட்டியாபின், ஓலன்சபின் ஆகியவை எடையைக் கூட்டும் என்பது எல்லா டாக்டர்களும் அறிந்தது. மருந்து தொடங்கிய தேதி, அதன்பின் எடை ஏறிய வேகம், பிறகு வந்த ஆப்னியா: இந்த மூன்றும் வரிசையாகக் கோப்பில் இருந்தால், பி.டி.எஸ்.டி.யிலிருந்து நேராக ஆப்னியாவுக்குத் தாவுவதைவிட இது பல மடங்கு உறுதியான பாலம்.

எடை வழி

உடல் பருமனை வி.ஏ. ஒரு நோயாகக் கருதி ரேட்டிங் தருவதில்லை. ஆனால் அது நடுவில் நிற்கும் கண்ணியாக இருக்கலாம் என்று 2017 ஜனவரியில் வி.ஏ.வின் தலைமைச் சட்ட ஆலோசகர் கருத்து வெளியிட்டார். அதன்படி டாக்டர் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். ஒப்புக்கொள்ளப்பட்ட நோயால் உடல் பருத்ததா? அந்தப் பருமன் ஆப்னியா வர ஒரு கணிசமான காரணமா? அந்தப் பருமன் இல்லையென்றால் ஆப்னியா வந்திருக்காதா? மூன்றில் ஒன்றை விட்டாலும் அவர் தரும் நெக்சஸ் கடிதம் (நோய்க்கும் பணிக்கும் உள்ள தொடர்பை விளக்கும் மருத்துவக் கருத்து) வீண். 2020-இல் வால்ஷ் எதிர் வில்கி வழக்குக்குப் பிறகு, ஏற்கெனவே பருமனாக இருந்தவரின் எடையை அந்த நோய் மேலும் கூட்டியது என்பதும் வாதமாகச் செல்லும்.

மருத்துவச் சான்றும் இந்தப் பக்கத்தில்தான் அழுத்தமாக இருக்கிறது. 2000-இல் வெளியான விஸ்கான்சின் தூக்க ஆய்வில், எடை 10 சதவீதம் கூடியவர்களுக்கு ஏ.எச்.ஐ. சுமார் 32 சதவீதம் கூடியது. சி அண்ட் பி டாக்டர் 'எடைதான் காரணம்' என்று எழுதும்போது அவர் உங்கள் கிளைமை மறுக்கவில்லை, பாலத்தின் பாதியை அவரே கட்டிக் கொடுக்கிறார். எடை ஏன் ஏறியது என்ற மறு பாதிதான் உங்கள் வேலை.

அதற்கு ஒரு பக்கத் தாள் போதும். உதாரணமாக இப்படி ஒரு கோப்பை வைத்துக்கொள்வோம்: 2009-இல் பணி முடிந்த நாளில் எடை 182 பவுண்டு. 2011-இல் ஒப்புக்கொள்ளப்பட்ட முழங்காலில் அறுவை சிகிச்சை, 'ஓடக் கூடாது, படி ஏறுவதைக் குறைக்கவும்' என்ற குறிப்பு. 2012-இல் 201. 2014-இல் இடுப்பு வலிக்கு பிசியோதெரபி, பாதியில் நின்றது. 2016-இல் 229. 2018 தூக்கப் பரிசோதனையில் ஏ.எச்.ஐ. 34. ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே எந்த மருத்துவக் குறிப்பு, எந்தத் தேதி என்று எழுதிக் கொடுங்கள். டாக்டர் மூன்று கேள்விக்கும் பதில் எழுத வேண்டிய பொருள் அந்தத் தாளிலேயே இருக்கிறது. மாறாக, முழங்கால் அடிபடும் முன்பே எடை 220-க்கு ஏறிவிட்டதாகப் பதிவிருந்தால் இந்த வழியை முதன்மையாக வைக்காதீர்கள். எதிர்த்தரப்பு வாதத்தை அந்தப் பதிவே எழுதிக் கொடுத்துவிடும்.

மூக்கும் நுரையீரலும்

பாக்ட் சட்டத்துக்குப் பிறகு, முகாம் குப்பையை எரித்த எரிகுழிகளின் புகையில் பணியாற்றியவர்கள் முதலில் மூக்கைத்தான் பார்க்க வேண்டும். இராக், ஆப்கானிஸ்தான் போன்ற குறிப்பிட்ட இடங்களில் பணியாற்றியவருக்கு மூக்கழற்சியோ சைனஸோ அனுமானப் பட்டியலின்படியே ஒப்புக்கொள்ளப்படும். அதற்கு நெக்சஸ் கடிதம் வேண்டாம். அது கையில் வந்தபின் அதிலிருந்து ஆப்னியாவுக்குப் பாலம் போடலாம். அடைத்த மூக்கு வழியாகக் காற்றை இழுக்கும்போது தொண்டைக்குள் எதிர்மறை அழுத்தம் கூடி, தளர்ந்த சதையை உள்ளே இழுக்கிறது. வாய் வழியாக மூச்சு விடும்போது நாக்கு பின்னோக்கிச் சரிகிறது. காது மூக்கு தொண்டை டாக்டரின் எண்டோஸ்கோபி அறிக்கையில் இரு பக்கமும் பாதிக்கு மேல் அடைப்பு என்று இருந்தால் நல்லது. அதே அளவுதான் மூக்கழற்சிக்குத் தனியே 10 சதவீதமும் தரும். மூக்கில் பாலிப் (சதை வளர்ச்சி) இருந்தால் 30. இந்த வழியின் பலவீனமும் தெரிந்திருக்க வேண்டும்: மூக்கை மட்டும் அறுவை சிகிச்சையால் சரிசெய்தால் ஆப்னியா பெரிதாகக் குறைவதில்லை என்பது மருத்துவ அனுபவம். தேர்வாளர் அதைச் சொல்லி மறுக்கலாம். மூக்கு ஒரே காரணமாக இருக்க வேண்டியதில்லை என்பதைக் கடிதம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

ஆஸ்துமா வழியை மருத்துவம் இன்னும் நேராக ஆதரிக்கிறது. அதே விஸ்கான்சின் குழுவை வைத்து 2015-இல் வந்த ஆய்வு, ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் ஆப்னியா வரும் வாய்ப்பு கூடுதல் என்று கண்டது. ஆனால் பணக் கணக்கு வேறு. 4.96 (ஏ) விதிப்படி 6600 முதல் 6817 வரையும், 6822 முதல் 6847 வரையும் உள்ள நோய்களுக்குத் தனித்தனி ரேட்டிங் கொடுத்துச் சேர்க்க முடியாது. மேலோங்கிய ஒன்றுக்கு மட்டும் ரேட்டிங். ஒட்டுமொத்தக் கடுமை அதிகமென்றால் அடுத்த படிக்கு உயர்த்தலாம். ஆஸ்துமா 6602, ஆப்னியா 6847. ஆக 30 சதவீத ஆஸ்துமா உள்ளவருக்கு ஆப்னியா ஒப்புக்கொள்ளப்பட்டால் 30 போய் 50 வரும், அது லாபம்தான். ஆஸ்துமாவுக்கே 60 வாங்குபவருக்கு ஆப்னியாவால் பெரும்பாலும் எதுவும் கூடாது. இந்த விலக்கு எந்த நோய் வழியாகத் தொடர்பு வந்தாலும் பொருந்தும் என்பதால், ஆஸ்துமா ரேட்டிங் உள்ளவர்கள் நெக்சஸ் கடிதத்துக்குப் பணம் செலவழிக்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மூக்கழற்சி 6522, சைனஸ் 6510 முதல் 6514 வரை. இவை அந்த வேலிக்கு வெளியே. மூக்கழற்சி 30-உம் ஆப்னியா 50-உம் சேர்ந்தால் 65, அது 70 ஆகும். பி.டி.எஸ்.டி. 70-உம் ஆப்னியா 50-உம் சேர்ந்தால் 85, அது 90 ஆகும். கூட்டல் கணக்கு கிடையாது, மிச்சமிருக்கும் ஆரோக்கியத்தில் சதவீதம் எடுக்கும் கணக்கு.

மற்றவை

தைராய்டு சுரப்புக் குறைவு இருப்பவர்கள் இந்த வழியை மறந்துவிடுகிறார்கள். நாக்கும் தொண்டைத் திசுக்களும் வீங்குவதால் ஆப்னியா வருவது பாடப்புத்தக மருத்துவம். வியட்நாம் போரில் தெளிக்கப்பட்ட களைக்கொல்லியான ஏஜெண்ட் ஆரஞ்சுக்கான அனுமானப் பட்டியலில் 2021-இல் தைராய்டு சுரப்புக் குறைவு சேர்ந்தது. வியட்நாம் வீரர்கள் தேட வேண்டியது, மருந்து தொடங்கும் முன்பு அல்லது அளவு சரியாகாத காலத்தில் குறட்டையும் மூச்சுத் திணறலும் பதிவாகியிருக்கிறதா என்பதை.

முதுகு வலிக்கு நீண்டகாலம் ஓபியாய்டு வகை வலி மருந்து எடுப்பவர்கள் தூக்கப் பரிசோதனை அறிக்கையை மறுபடி படிக்க வேண்டும். அதில் 'சென்ட்ரல்' வகை நிறுத்தங்கள் கணிசமாக இருந்தால், அது தொண்டை அடைப்பால் வருவதில்லை, மூளை மூச்சுக்குக் கட்டளை அனுப்பாமல் விடுவது. ஓபியாய்டு அதைச் செய்யும். 6847 எண் அந்த வகையையும் உள்ளடக்கும்.

நெஞ்செரிச்சலை முதல் கண்ணியாக வைப்பதில் லாபம் குறைவு, ஆப்னியாவே நெஞ்செரிச்சலைக் கூட்டும் என்று தேர்வாளர் திருப்பிவிடுவார். காதிரைச்சலிலிருந்து ஆப்னியா என்ற கிளைமுக்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

ஆப்னியா முதலில், மற்றவை பின்னால்

சிலருக்கு ஆப்னியா ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கும். அவர்களுக்குக் கேள்வி தலைகீழ்: அதிலிருந்து எதைக் கேட்பது? உயர் ரத்த அழுத்தத்தோடு ஆப்னியாவின் தொடர்பு நன்கு நிறுவப்பட்டது. ஆனால் 10 சதவீதத்துக்கே கீழ் அழுத்தம் பெரும்பாலும் 100-ஓ அதற்கு மேலோ, அல்லது மேல் அழுத்தம் பெரும்பாலும் 160-ஓ அதற்கு மேலோ இருக்க வேண்டும்; அல்லது முன்பு கீழ் அழுத்தம் பெரும்பாலும் 100 தொட்டு இன்றும் மாத்திரை சாப்பிட வேண்டும். மூன்று வெவ்வேறு நாட்களில், நாளுக்கு இரண்டு தடவைக்குக் குறையாமல் அளந்து நோயை உறுதி செய்ய வேண்டும். முன்பும் அந்த அளவைத் தொடாமல், மாத்திரையால் 138-க்கு 86 என்று இருப்பவருக்குத் தொடர்பு கிடைத்தாலும் 0 தான். அந்த 0-ஐ வீண் என்று நினைக்காதீர்கள்: நாளை பக்கவாதமோ இதயக் கோளாறோ வந்தால் அதற்கு வாசற்படி அதுவே. காலைத் தலைவலியையும் மனச்சோர்வையும் இந்த வழியில் கேட்கலாம். ஆனால் பி.டி.எஸ்.டி. ரேட்டிங் உள்ளவருக்கு மனச்சோர்வைத் தனியாகக் கேட்பதால் பயனில்லை. ஒரே அறிகுறிக்கு இருமுறை ரேட்டிங் தர 4.14 விதி விடாது.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

'எனது கருத்தில் இவரது ஆப்னியா பி.டி.எஸ்.டி.யால் வந்திருக்கலாம்' என்ற ஒற்றை வரிக் கடிதத்துக்கு எடை இல்லை. 'லாம்' என்ற ஒரு விகுதியே அதைக் கெடுத்துவிடும். சட்டம் கேட்பது பாதிக்குப் பாதியாவது சாத்தியம் என்ற சொற்றொடரை. அதோடு கோப்பைப் படித்ததற்கான குறிப்பு, தேதியும் எடையும் மருந்தும், உடலுக்குள் எப்படி நடக்கிறது என்ற விளக்கம், மற்றக் காரணங்களை ஏன் ஒதுக்குகிறார் என்ற பதில், 'உண்டாக்கியது', 'மோசமாக்கியது' இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி. 2008-இல் நீவ்ஸ் ராட்ரிகஸ் எதிர் பீக் வழக்கு சொன்னது இதைத்தான்: கருத்தின் மதிப்பு அதன் காரண விளக்கத்தில் இருக்கிறது.

மறுத்துவிட்டால்

மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் நகர்ந்தால் பழைய கிளைம் தேதி கைவிட்டுப் போகாது. எந்தப் படிவம் என்பது மறுத்த காரணத்தைப் பொறுத்தது. கடிதம் பலவீனம், அல்லது எடைத் தாளே கொடுக்கவில்லை என்றால் 20-0995, புதிய சான்றோடு. வி.ஏ.வின் தேர்வாளர் 'உண்டாக்கவில்லை' என்று மட்டும் எழுதி, 'மோசமாக்கியதா' என்ற கேள்வியைத் தொடாமல் விட்டிருந்தால் 20-0996. இதில் புதிய சான்று சேர்க்க முடியாது, ஆனால் மூத்த அலுவலர் அதைப் பிழையாகக் கண்டு புதிய மருத்துவக் கருத்துக்குத் திருப்பி அனுப்பலாம். இந்தப் பிழை ஆப்னியா கோப்புகளில் அடிக்கடி வருகிறது; மறுப்புக் கடிதத்தை மட்டும் படிக்காமல் தேர்வாளர் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். 10182 படிவத்தில் படைவீரர் மேல்முறையீட்டு போர்டுக்குப் போவது, சட்டத்தையே அலுவலகம் தவறாகப் புரிந்துகொண்டது என்று தோன்றும்போது. காத்திருப்பு நீளம்.

முதல் கிளைமைத் தயாரித்துக் கொடுக்க யாரும் கட்டணம் வாங்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. அங்கீகாரம் பெற்ற படைவீரர் சங்கங்கள் இலவசமாகச் செய்கின்றன. வழக்கறிஞர் கட்டணம் முதல் முடிவு வந்தபிறகுதான். பாக்கித் தொகையில் 20 சதவீதம் வரை நியாயம் என்று கருதப்படும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நியாயமில்லை என்று கருதப்படும்.

2022 பிப்ரவரியில் வி.ஏ. வெளியிட்ட முன்மொழிவு, மெஷின் நன்றாக வேலை செய்து தொந்தரவு நீங்கியவருக்கு 50-க்குப் பதில் 0 என்று மாற்றச் சொன்னது. அது நடைமுறைக்கு வந்தாலும், அளவுகோல் மாறுவதால் மட்டும் ஏற்கெனவே பெற்ற ரேட்டிங்கைக் குறைக்கச் சட்டம் இடம் தராது. ஆகவே கடிதமும் எடைத் தாளும் தயாராகும்வரை காத்திருக்க நினைப்பவர்கள், இன்றே 21-0966 படிவத்தைப் போட்டுவிட வேண்டும். அது தேதியைப் பிடித்து வைக்கும். பிறகு 21-526ஈ.இசட். படிவத்தை முழுக் கோப்போடு அனுப்ப ஒரு வருடம் இருக்கிறது. அந்த வருடம் தாண்டினால் பிடித்த தேதி போய்விடும்.